பி.டபிள்யூ.எம்: சராசரி எடுப்பது யார்? பவர் சப்ளையிலிருந்து எல்.இ.டி. வெளிச்சக் கட்டுப்பாடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

12 வோல்ட் எல்.இ.டி. பட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேராக 6 வோல்ட் டி.சி. கொடுத்தால் எரியவே எரியாது. உள்ளே மூன்று வெள்ளை எல்.இ.டி.க்கள் வரிசையாகக் கோத்திருக்கும். மூன்றும் சேர்ந்து விழிக்கவே 8, 9 வோல்ட் வேண்டும். அதே பட்டைக்கு 12 வோல்ட்டைப் பாதி நேரம் கொடுத்துப் பாதி நேரம் நிறுத்தினால் அழகாக எரியும். கணக்குப்படி இரண்டிலும் சராசரி 6 வோல்ட்தான். பிறகு ஏன் ஒன்று எரிகிறது, மற்றொன்று எரியவில்லை?

பி.டபிள்யூ.எம். என்கிற பல்ஸ் விட்த் மாடுலேஷன், பாடநூல் தமிழில் துடிப்பு அகலப் பண்பேற்றம், வோல்ட்டேஜைக் குறைப்பதில்லை. அது ஒரு ஸ்விட்சை வேகமாகப் போட்டு அணைக்கிறது, அவ்வளவே. சராசரி எடுப்பது வேறு யாரோ. அந்த 'யாரோ' யார் என்று தெரியாமல் செய்யும் சர்க்யூட்தான் சூடாகும், இரையும், கண்ணை உறுத்தும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறது.

படி 1: மூன்று எண்கள்

ஒரு முறை போட்டு அணைத்து மறுபடி போடும் வரை ஆகும் நேரம் ஒரு சுற்று. நொடிக்கு எத்தனை சுற்று என்பது அதிர்வெண். ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு 'ஆன்' என்பது டியூட்டி சைக்கிள். 1,000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 1 மில்லிநொடி, அதில் 0.25 மில்லிநொடி ஆன் என்றால் டியூட்டி 25 சதவீதம்.

டியூட்டியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதிர்வெண்ணை யாரும் கவனிப்பதில்லை. மைக்ரோகன்ட்ரோலர் போர்டு என்ன கொடுத்ததோ அதையே வைத்துக்கொள்வார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கின.

படி 2: சராசரி எடுப்பவரைக் கண்டுபிடியுங்கள்

பழைய இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட் 'டிக்' என்று ஹீட்டரைப் போடும், சிறிது நேரத்தில் அணைக்கும். அடித்தட்டு மட்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். தட்டின் கனமான உலோகம் அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடுகிறது. சராசரி எடுப்பது அந்த உலோகம். தட்டு ஆறச் சில நிமிடங்கள் ஆவதால், சில பத்து நொடிக்கு ஒருமுறை ஸ்விட்ச் செய்தாலே போதும்.

எங்கும் இதே விதிதான்: சராசரி எடுப்பவர் எவ்வளவு மந்தமானவரோ அதைவிட நீங்கள் வேகமாக ஸ்விட்ச் செய்ய வேண்டும். மின்விசிறி மோட்டாரில் அது சுழலும் இறக்கைகளின் நிலைமமும் சுருளின் இண்டக்டன்ஸும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்). ஸ்விட்சிங் பவர் சப்ளையில் இண்டக்டரும் கெப்பாசிட்டரும். எல்.இ.டி. பட்டையிலோ சர்க்யூட்டுக்குள் அந்த வேலையைச் செய்ய ஆளே இல்லை. எல்.இ.டி. மைக்ரோநொடிக்கும் குறைவான நேரத்தில் அணைந்து எரியக்கூடியது. அங்கே சராசரி எடுப்பது உங்கள் கண்.

ஆகவே பவர் சப்ளையும் எல்.இ.டி. டிம்மரும் ஒரே அலைவடிவத்தை வைத்துக்கொண்டு ஓடினாலும், இரண்டும் ஒரே வேலை அல்ல.

படி 3: பவர் சப்ளை, ஒரு கணக்கோடு

12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 2 ஆம்பியர் வேண்டும். லீனியர் ரெகுலேட்டர் வைத்தால் மிச்சமுள்ள 7 வோல்ட்டை 2 ஆம்பியரோடு பெருக்கி 14 வாட்டைச் சூடாக்கித் தள்ளிவிடும். உங்களுக்குக் கிடைப்பது 10 வாட். செயல்திறன் 42 சதவீதம்.

பக் கன்வெர்ட்டர், அதாவது வோல்ட்டேஜை இறக்கும் ஸ்விட்சிங் சப்ளை, வேறு வழியில் போகிறது. ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது இண்டக்டர் வழியாக மின்னோட்டம் மெல்ல ஏறும். ஆஃபில் டையோடு வழியாகச் சுற்றி மெல்ல இறங்கும். இண்டக்டர் மின்னோட்டத்தைச் சட்டென்று மாறவிடாது. மிச்சமிருக்கும் நெளிவைக் கெப்பாசிட்டர் தடவிவிடும். வெளியே வரும் வோல்ட்டேஜ் = உள்ளே வருவது × டியூட்டி. 5 / 12 = 41.7 சதவீதம்.

இண்டக்டரைத் தேர்ந்தெடுப்பது இப்படி. மின்னோட்ட நெளிவை முழு லோடில் 30 சதவீதம், அதாவது 0.6 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் 150 கிலோஹெர்ட்ஸ், பிரபலமான எல்.எம். 2596 சிப் ஓடுவது அதில்தான். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வித்தியாசம் 7 வோல்ட். அதை டியூட்டி 0.417-ஆல் பெருக்கி, 150,000-ஆலும் 0.6-ஆலும் வகுத்தால் 32 மைக்ரோஹென்ரி. கடையில் கிடைப்பது 33. உச்ச மின்னோட்டம் 2 + 0.3 = 2.3 ஆம்பியர். இண்டக்டரின் சாச்சுரேஷன் மின்னோட்டம் இதைவிட நன்றாக மேலே, 3 ஆம்பியராவது இருக்க வேண்டும். சாச்சுரேட் ஆன இண்டக்டர் வெறும் கம்பித்துண்டு. ஸ்விட்ச் அடுத்த நொடியே போகும்.

கெப்பாசிட்டர் விஷயத்தில் பலரும் மைக்ரோஃபாரடை மட்டும் பார்க்கிறார்கள். 100 மைக்ரோஃபாரட் வைத்தால் கணக்குப்படி நெளிவு 5 மில்லிவோல்ட் (0.6-ஐ 8 × 150,000 × 0.0001-ஆல் வகுத்துப் பாருங்கள்). ஆனால் சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கில் 0.1 ஓம் உள்தடை இருந்தாலே 0.6 × 0.1 = 60 மில்லிவோல்ட் வந்துவிடும். பன்னிரண்டு மடங்கு! நெளிவைத் தீர்மானிப்பது அந்த உள்தடைதான், சுருக்கமாக இ.எஸ்.ஆர். 'லோ இ.எஸ்.ஆர்.' என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

இந்த 41.7 சதவீதம் காகிதத்தில் மட்டுமே. எல்.எம். 2596-இன் உள் டிரான்சிஸ்டர் ஆனில் இருக்கும்போது 1 வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். டையோடு அரை வோல்ட். உண்மையான டியூட்டி 50-ஐ நெருங்கும். லோடு 0.3 ஆம்பியருக்குக் கீழே போனால் இண்டக்டர் மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தைத் தொட்டுவிடும், சூத்திரமே செல்லாது. ஆகவே பவர் சப்ளையில் டியூட்டியை யாரும் கையால் வைப்பதில்லை. வெளியே வரும் வோல்ட்டேஜில் ஒரு பங்கை இரண்டு ரெசிஸ்டர் கொண்ட பிரிப்பானால் எடுத்து, ஒரு ரெஃபரன்ஸோடு (மாறாத வோல்ட்டேஜ்) ஒப்பிட்டு, பிழையைப் பெருக்கி, அதை ஒரு ரம்பப்பல் அலையோடு கம்பேரேட்டரில் (இரண்டு வோல்ட்டேஜில் எது பெரிது என்று சொல்லும் உறுப்பு) மோதவிடுவார்கள். பிழை அதிகமானால் துடிப்பு அகலமாகும், குறைந்தால் சுருங்கும். எல்.எம். 2596-இல் ரெஃபரன்ஸ் 1.23 வோல்ட், பிரிப்பானில் கீழே 1 கிலோ ஓம், மேலே 3 கிலோ ஓம் வைத்தால் 1.23 × 4 = 4.92 வோல்ட் கிடைக்கும்.

இந்த உறுப்புகளை எல்லாம் ஒரே சிப்புக்குள் அடக்கியது 1970களின் நடுவில்: சிலிக்கான் ஜெனரல் நிறுவனத்தில் ராபர்ட் மம்மானோ வடிவமைத்த எஸ்.ஜி. 1524. பின்னால் வந்த டி.எல். 494-ஐப் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைத் திறந்தவர்கள் பார்த்திருப்பார்கள். திறக்கும் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 230 வோல்ட் மெயின்ஸை ரெக்டிஃபை செய்தால் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டி.சி. நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். இந்த வழிகாட்டியில் நாம் கைவைக்கப்போவது 12 வோல்ட் பக்கத்தில் மட்டும்.

படி 4: எல்.இ.டி.க்கு அதிர்வெண்

கண் சராசரி எடுக்கிறது என்றோமே, அது எவ்வளவு மந்தம்? நேராகப் பார்க்கும்போது 100 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழேயே துடிப்பு பெரும்பாலோருக்கு மறைந்துவிடும். அதனால் 'நூறு போதும்' என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் கண் சும்மா இருப்பதில்லை, தாவிக்கொண்டே இருக்கும். இருட்டில் ஒரு காரின் பின்விளக்கிலிருந்து பார்வையைச் சட்டென்று திருப்பினால் சிவப்புக் கோடு ஒன்று புள்ளிபுள்ளியாக இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விளக்கு பி.டபிள்யூ.எம்.மில் ஓடுகிறது. இந்தப் பேய்ப்புள்ளிகள் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலும் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் தலைவலி வரலாம்.

இதற்கு ஒரு நல்ல வழிகாட்டுதல் இருக்கிறது: மின்பொறியாளர்கள் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1789 எண் ஆவணம், 2015-இல் வந்தது. 90 ஹெர்ட்ஸுக்கு மேல், அதிர்வெண்ணை 0.08-ஆல் பெருக்கினால் வரும் சதவீதம்வரை ஆழமுள்ள துடிப்பைக் குறைந்த ஆபத்தாகக் கொள்ளலாம் என்கிறது அது. பி.டபிள்யூ.எம். முழுதாக அணைந்து எரிவதால் ஆழம் 100 சதவீதம். கணக்குப் போட்டால் 1,250 ஹெர்ட்ஸ். எந்தப் பாதிப்பும் தெரியாத அளவு வேண்டுமென்றால் 3,000 ஹெர்ட்ஸ்.

இப்போது ஆர்டுயினோ ஊனோ என்கிற பிரபலமான மைக்ரோகன்ட்ரோலர் போர்டைப் பாருங்கள். அதன் இயல்பான பி.டபிள்யூ.எம். 490 ஹெர்ட்ஸ், 5, 6ஆம் பின்களில் மட்டும் 980. இரண்டுமே அந்தக் கோட்டுக்குக் கீழே. மேசையில் விளையாட்டாகச் செய்து பார்க்கப் பரவாயில்லை. படிக்கும் அறையில் மாட்டுவதற்கு இல்லை.

படி 5: டைமரும் படிகளின் எண்ணிக்கையும்

மைக்ரோகன்ட்ரோலரின் டைமர் ஒரு எண்ணியே. பூஜ்யத்திலிருந்து உச்சிவரை எண்ணும் (ஒவ்வொரு எண்ணும் ஒரு படி), மறுபடி பூஜ்யத்துக்கு வரும். நீங்கள் வைத்த எண்ணைத் தாண்டும்வரை பின் ஆனில் இருக்கும். அதனால் அதிர்வெண் × படிகள் = கடிகார வேகம். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும், தப்ப வழியில்லை.

ஊனோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். முழு 16 பிட், அதாவது 65,536 படிகள் வேண்டுமென்றால் 244 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். 20 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 800 படிகள். நான் வீட்டு விளக்குகளுக்கு 2 கிலோஹெர்ட்ஸ் வைப்பேன்: 8,000 படிகள், ஏறத்தாழ 13 பிட். இதற்கு 9 அல்லது 10ஆம் பின்னில் உள்ள 16 பிட் டைமர் 1-ஐ ஃபாஸ்ட் பி.டபிள்யூ.எம். முறையில், பிரீஸ்கேலர் (கடிகாரத்தை வகுத்து மெதுவாக்கும் பகுதி) இல்லாமல், உச்சி எண்ணை 7,999 என்று வைத்து ஓட்ட வேண்டும். ஒரு பொறி: அந்த முறையில் ஒப்பீட்டு எண்ணைப் பூஜ்யம் என்று வைத்தாலும் ஒரு கடிகாரத் துடிப்பு வெளியே கசியும். முழுதாக அணைக்க வேண்டுமென்றால் டைமரைப் பின்னிலிருந்து துண்டித்துவிட்டு லோ-வில் இறக்குங்கள்.

படி 6: கண்ணின் வளைவு

டியூட்டியை 0-விலிருந்து 100-க்குச் சீராக ஏற்றிப் பாருங்கள். முதல் கால்வாசியிலேயே அறை முழுக்க வெளிச்சம் வந்துவிடும். மிச்ச முக்கால்வாசி நேரம் ஒன்றுமே மாறாததுபோல் இருக்கும். கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. நம்புங்கள், டிம்மர் 'சீப்'பாகத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான், சிப்போ எல்.இ.டி.யோ இல்லை.

ஒளிக்கான சர்வதேச ஆணையமான சி.ஐ.இ.யின் 1976 ஒளிர்வு அளவுகோல் இதற்குக் கைகொடுக்கும். நீங்கள் விரும்பும் வெளிச்சத்தைச் சதவீதத்தில் எடுத்து, 16 கூட்டி, 116-ஆல் வகுத்து, மும்மடியாக்குங்கள், வருவது டியூட்டி. வெளிச்சம் 8 சதவீதத்துக்குக் கீழே என்றால் 903.3-ஆல் வகுத்தால் போதும். பாதி வெளிச்சம் வேண்டுமா? 66 / 116 மும்மடி: 18.4 சதவீத டியூட்டி. கால்வாசிக்கு 4.4. பத்து சதவீதத்துக்கு 1.1 மட்டுமே. முக்கால்வாசிக்கு 48.

ஒரு சதவீத வெளிச்சத்துக்கு 0.11 சதவீத டியூட்டி. 8 பிட்டில் இருக்கும் மிகச் சிறிய படியே 0.39 சதவீதம். அதாவது 256 படிகளில் கீழ்ப்பகுதி வெளிச்சங்கள் இடமே இல்லாமல் போய்விடும். மங்கலாக்கும்போது கடைசியில் படிக்கட்டு இறங்குவதுபோல் துள்ளும். 13 பிட் இருந்தால் அந்த 0.11-க்கு 9 படிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு முறையும் மும்மடி கணக்கிட வேண்டாம். 101 எண்கள் கொண்ட ஒரு அட்டவணையை ஒருமுறை தயார்செய்து நிரலில் போட்டுவிடுங்கள்.

படி 7: மாஸ்ஃபெட்

பட்டையைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்தான் மாஸ்ஃபெட். டிரெய்ன், சோர்ஸ் என்ற இரு கால்களுக்கு இடையே ஓடும் மின்னோட்டத்தை, கேட் என்ற மூன்றாவது காலில் கொடுக்கும் வோல்ட்டேஜ் திறந்து மூடும். தொடக்கத்தில் நான் கருக்கிய முதல் பாகம் ஐ.ஆர்.எஃப்.இசட். 44 என். 55 வோல்ட், 49 ஆம்பியர் என்று தாளில் இருந்ததால் 6 ஆம்பியர் தூசு என்று நினைத்தேன். கேட்டுக்கு 5 வோல்ட் கொடுத்தேன். அந்த மாஸ்ஃபெட்டின் ஆன் தடை 10 வோல்ட் கேட்டுக்குச் சொல்லப்பட்டது. திறக்கத் தொடங்கும் வோல்ட்டேஜே 2 முதல் 4 வரை எங்கும் இருக்கலாம். என்னுடையது பாதி திறந்து, ரெசிஸ்டர்போல் நின்று வெந்தது.

லாஜிக் லெவல் வகையை, அதாவது 5 வோல்ட் கேட்டிலேயே நன்றாகத் திறப்பதை, எடுங்கள். ஐ.ஆர்.எல்.இசட். 44 என் 5 வோல்ட்டிலேயே 0.025 ஓமுக்கு வந்துவிடும். 3.3 வோல்ட் போர்டு என்றால் அதுவும் போதாது, 2.5 வோல்ட் கேட்டில் தடை சொல்லப்பட்ட பாகமாகத் தேடுங்கள், அல்லது கேட்டை வலுவாகத் திறந்து மூடும் கேட் டிரைவர் சிப் வையுங்கள்.

இணைப்பு எளிது. பட்டையின் பிளஸ் நேராக 12 வோல்ட்டுக்கு. மைனஸ் மாஸ்ஃபெட்டின் டிரெய்னுக்கு. சோர்ஸ் கிரவுண்டுக்கு. பின்னிலிருந்து கேட்டுக்கு 220 ஓம். பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். போர்டு விழிக்கும் வரை பின் அந்தரத்தில் தொங்கும், இந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் விளக்கு தன்னிஷ்டத்துக்கு மின்னும். 12 வோல்ட் சப்ளையின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் கட்டாயம் சேர வேண்டும். 'எல்லாம் சரி, ஆனால் எரியவில்லை' என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

சூடு எவ்வளவு? மீட்டருக்கு 14.4 வாட் பட்டை 5 மீட்டர் என்றால் 72 வாட், 6 ஆம்பியர். முழு ஆனில் 6 × 6 × 0.025 = 0.9 வாட். இதோடு ஸ்விட்ச் செய்யும்போது வரும் இழப்பு: 220 ஓம் வழியாகக் கேட் நிரம்ப வேண்டியிருப்பதால் ஒவ்வொரு விளிம்பும் சுமார் 3 மைக்ரோநொடி எடுக்கும். அந்த நேரத்தில் 12 வோல்ட்டும் 6 ஆம்பியரும் ஒருசேர நிற்கும். சராசரியாக 36 வாட். ஒரு சுற்றுக்கு இரு விளிம்பு, 2 கிலோஹெர்ட்ஸ்: 0.43 வாட். மொத்தம் 1.3 வாட். ஹீட்சிங்க் இல்லாத டி.ஓ. 220 உறை வாட்டுக்கு 62 டிகிரி ஏறும் என்பதால் அறை வெப்பத்துக்கு மேல் 80 டிகிரி. சின்ன அலுமினியத் துண்டு ஒன்று மாட்டுங்கள். இதையே 20 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் ஸ்விட்சிங் இழப்பு மட்டும் 4 வாட்டுக்கு மேல்! 'வேகம் கூடினால் நல்லதுதானே' என்பவர்களுக்கு இந்த ஒரு பெருக்கல் போதும்.

அப்படியானால் கேட் ரெசிஸ்டரை எடுத்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். நீண்ட வயர் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 1 மைக்ரோஹென்ரி இண்டக்டன்ஸ் வைத்திருக்கும். 5 மீட்டரில் 6 ஆம்பியரை 0.1 மைக்ரோநொடியில் வெட்டினால் கணக்கு 300 வோல்ட்டுக்குப் போகிறது. மாஸ்ஃபெட் தாங்குவது 55. 3 மைக்ரோநொடியில் வெட்டினால் 10 வோல்ட்தான். ரேடியோவில் வரும் இரைச்சலும் அப்படியே குறையும். மந்தமான கேட் இங்கே ஒரு வரம். வேகமாக வெட்டியே தீர வேண்டும் என்றால் பட்டையின் இரு முனைக்கும் குறுக்கே, மாஸ்ஃபெட்டுக்கு அருகில், ஷாட்கி டையோடு ஒன்றைத் தலைகீழாகப் போடுங்கள்.

அந்த வரத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 500 மைக்ரோநொடி. சில மைக்ரோநொடிக்குக் குறைந்த துடிப்பு மாஸ்ஃபெட்டை முழுதாகத் திறக்கவே திறக்காது. 5 மைக்ரோநொடி என்றால் 1 சதவீத டியூட்டி. கண்ணுக்கு அது 9 சதவீத வெளிச்சம். டைமரில் 8,000 படி இருந்தும் அடியில் உள்ள சில பத்துப் படிகளைக் கேட் விழுங்கிவிடுகிறது. நள்ளிரவில் மெழுகுவத்திபோல் எரிய வேண்டிய விளக்கு என்றால் கேட் டிரைவரும் டையோடும் சேர்த்துச் செய்யுங்கள், அல்லது 1,250 ஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள்.

படி 8: உயர்வாட் எல்.இ.டி. என்றால்

1 வாட், 3 வாட் தனி எல்.இ.டி.க்கு வோல்ட்டேஜ் கொடுக்கக்கூடாது. நிலையான மின்னோட்டம் கொடுக்க வேண்டும். இங்கே பக் கன்வெர்ட்டரும் டிம்மரும் ஒரே சிப்பில் சந்திக்கின்றன. பி.டி. 4115 போன்ற சிப்பில் ஒரு சென்ஸ் ரெசிஸ்டரின் குறுக்கே 0.1 வோல்ட் நிற்கும்படி மின்னோட்டம் ஓடும்; 350 மில்லியாம்பியருக்கு 0.1 / 0.35, அதாவது 0.29 ஓம். உள்ளே வேகமான ஸ்விட்சிங், இண்டக்டர் சராசரி எடுக்கும். டிம் பின்னில் உங்கள் மெதுவான பி.டபிள்யூ.எம்., அதைக் கண் சராசரி எடுக்கும். மெதுவான துடிப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் வேகமான சுற்றுகள் பல அடங்க வேண்டும். இரண்டும் நெருங்கினால் ஒன்றோடொன்று மோதி விளக்கு மெல்ல அலையும்.

மின்னோட்டத்தையே குறைத்து மங்கலாக்குவதும் ஒரு வழி, துடிப்பே இருக்காது. ஆனால் வெள்ளை எல்.இ.டி.யின் நிறம் மின்னோட்டத்தோடு சற்று நகரும். பி.டபிள்யூ.எம்.மில் எரியும் நேரமெல்லாம் அதே மின்னோட்டம் என்பதால் நிறம் பெரிதாக மாறாது. வண்ணம் கலக்கும் விளக்குகள் பி.டபிள்யூ.எம்.மை விடாததற்குக் காரணம் அது.

படி 9: சோதனை

முதலில் பின்னை மட்டும், பட்டையை இணைக்காமல். 50 சதவீதத்தில் மல்ட்டிமீட்டர் 2.5 வோல்ட் காட்ட வேண்டும்; இந்த இடத்தில் சராசரி எடுப்பது மீட்டர். பட்டையின் குறுக்கே அளந்து 6 வோல்ட் வரவில்லையே என்று குழம்பாதீர்கள். மாஸ்ஃபெட் மூடியதும் எல்.இ.டி.க்கள் தாங்கள் விழிக்கும் வோல்ட்டேஜுக்குக் கீழே மின்னோட்டத்தை இழுப்பதில்லை, வோல்ட்டேஜ் பூஜ்யம்வரை இறங்காது. மீட்டர் கூடுதலாகவே காட்டும். உண்மை வேண்டுமென்றால் ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள்.

அது இல்லாதவர்களுக்கு ஒரு பென்சில் போதும். இருட்டறையில் விளக்கின் முன் வேகமாக ஆட்டுங்கள். 490 ஹெர்ட்ஸில் பென்சில் விசிறிபோலத் தனித்தனிக் குச்சிகளாகத் தெரியும். 2 கிலோஹெர்ட்ஸில் குச்சிகள் நெருங்கி ஏறக்குறைய மங்கலாகக் கலந்துவிடும். 30 சதவீத வெளிச்சத்தில் ஆட்டிப் பாருங்கள், முழு வெளிச்சத்தில் துடிப்பே இல்லை. போன் கேமராவில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதும் இதே கதைதான், ஆனால் கேமரா கண்ணைவிடக் கறாரானது. அதில் லேசாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை.

பவர் சப்ளை கீச்சிடுகிறதா? 2 கிலோஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது. நீங்கள் லோடை நொடிக்கு 2,000 முறை இழுத்து விடுவதால், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் செராமிக் கெப்பாசிட்டர்களும் அந்தத் தாளத்துக்கு அதிர்கின்றன. 12 வோல்ட் சப்ளையின் பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே, மாஸ்ஃபெட்டை ஒட்டி, 1,000 அல்லது 2,200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் இழுப்பை அது தாங்கிக்கொள்ளும். அதைப் பட்டையின் குறுக்கே மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் மாஸ்ஃபெட் அந்தக் கெப்பாசிட்டரை ஷார்ட்போல நிரப்ப வேண்டியிருக்கும்.

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல் இருந்தால், மூன்றும் ஒரே கணத்தில் ஆன் ஆகாதபடி தொடக்கத்தை மூன்றில் ஒரு பங்கு சுற்று தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள். டியூட்டி 33 சதவீதத்துக்குள் இருக்கும்வரை ஒரு நேரத்தில் ஒரு சேனல்தான் சப்ளையை இழுக்கும். என்னுடையது அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டது.